கார்த்திகேசனின் கல்யாணக் காகிதம்

திருநாவுக்கரசு கையில் ஒரு காகிதம் ராத்தங்காது என்று கடலூரில் பேர். பட்டாளத்தில் இருந்து இறந்தவர்களின் மனைவிமார் ஓய்வூதியப் படிவத்தைக் காலையில் கொண்டுவந்து கொடுத்தால், சாயங்காலத்துக்குள் அதைப் பூர்த்தி செய்து, நகல் எடுத்து, மஞ்சக்குப்பம் தபாலாபீசில் பதிவுத் தபாலாகச் சேர்த்துவிட்டு, ரசீதோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, தேவனாம்பட்டினத்து ஜனம் ரேஷன் கார்டு போச்சு, பள்ளிச் சான்றிதழ் போச்சு என்று அலைந்தபோது, ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து நாற்பது நாள் மனு எழுதினார். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. டீ கூட அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

பாராட்டினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. ஒரு அம்மாள் "நீங்க சாமி சார்" என்று காலைத் தொடக் குனிந்தபோது, எட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அவளைத் திட்டிவிட்டார். பிறகு அவள் போன பாதையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி பொன்னி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷமாகக் கூட வாழ்கிறவள். அவளுக்கே வேறு எதுவும் தெரியாது.

விமானப் படையில் இருந்தாரென்றால் ஆகாயத்தில் பறந்தவர் என்று அர்த்தமில்லை. கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே இருந்து, சார்ஜண்டாக ஓய்வு பெற்றவர். ஒரு வீரனுக்குக் கல்யாணம், குழந்தை, இடமாற்றம், சாவு என்று எது நேர்ந்தாலும் அதைப் படிவத்தில் தட்டச்சு செய்து ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புவது அவர் வேலை. அங்கே ஏறினால்தான் நடந்தது நடந்ததாகும். ஏறாதது நடக்காதது.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஆடி மாதத்தில், முன்னாள் படைவீரர் சங்கத்துக் கூட்டத்தில், எழுபத்தொன்று யுத்தத்துக்கு நாற்பதாவது வருஷம் என்பதால் ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவானது. இறந்துபோனவர்களின் கடிதங்கள், பணிக் குறிப்புகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் வீடுவீடாகப் போய்ச் சேகரிக்க வேண்டும். செயலாளர் அய்யனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். வாய் ஓயாத மனுஷன். தரைப்படைக்காரர்களை எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, திருநாவுக்கரசு பக்கம் திரும்பினார்.

"மேல பறந்தவங்க கதை எங்களுக்கு என்னா தெரியும்? நாங்க சேத்துல கெடந்தோம். மச்சான்தான் ஃபேன் அடியில உக்காந்து டைப் அடிச்சாரு. அவுரே எழுதட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். திருநாவுக்கரசும் சிரித்து வைத்தார். விமானப் படைப் பட்டியலில் இரண்டே பேர். ஒரு குடும்பம் பெங்களூருக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்னொன்று, கார்த்திகேசன், தகப்பனார் சாமிக்கண்ணு, புவனகிரி. அந்தப் பேரைத் தட்டச்சில் பார்த்ததுமே பட்டியலை மடித்து வைத்தார். முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லிப் பார்த்தார். "பஸ்ஸு புவனகிரிக்குத்தான் போவுது மச்சான், பங்களாதேசுக்கு இல்ல" என்று அய்யனார் முடித்துவிட்டார்.

நாற்பது வருஷத்துக்கு முன் நடந்தது இது.

வடக்கே எல்லையோரத்து விமானதளம் ஒன்றில் திருநாவுக்கரசு கார்ப்பரல். கார்த்திகேசன் விமானங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தான். தென்னாற்காட்டு மண்ணிலிருந்து அந்த முகாமில் இவர்கள் இருவர் மட்டும்தான். இவருக்கு இருபத்தாறு, அவனுக்கு இருபத்துநாலு. அண்ணே அண்ணே என்று சுற்றி வருவான். நவம்பர் தொடக்கத்தில் லீவில் போனவன், கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஜெயராணி என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்தான். ஆசிரியர் பயிற்சியில் இருந்த பெண். கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் தெரியாது. பொங்கலுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். ஆனால் யுத்தம் வரும்போல் இருக்கிறது, ரெக்கார்டில் அவள் பேரை ஏற்றிவிட வேண்டும் என்று மட்டும் அவசரப்பட்டான். இருபத்துமூன்றாம் தேதி காலையில் படிவத்தையும் பதிவுச் சான்றிதழையும் கொண்டுவந்து கார்ப்பரலிடம் கொடுத்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்பே கார்ப்பரலுக்கு ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்திருந்தது. எழுதியவர் கார்த்திகேசனின் அப்பா. பையன் முதுநகர்ப் பெண் ஒருத்தியோடு பழகுவதாகக் காதில் விழுகிறது, தம்பி நீங்கள் நம் பக்கத்துப் பிள்ளை, அந்த ஆபீசில் இருக்கிறீர்கள், கல்யாணம் கில்யாணம் என்று காகிதம் எதுவும் வந்தால் பொங்கல் வரை நகர்த்தாமல் வையுங்கள், லீவில் வரட்டும், உட்காரவைத்துப் பேசிச் சரிசெய்துகொள்கிறோம் என்று எழுதியிருந்தார். பெரியவர் வார்த்தை. திருநாவுக்கரசு "ஆகட்டும் ஐயா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பதில் போட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு ஒரு குடும்பம் உடையாமல் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று சான்றிதழே கையில் இருந்தபோதும், பொங்கல் எங்கே போய்விடப் போகிறது என்றுதான் நினைத்தார்.

படிவம் மேசையின் அடித்தட்டில் கிடந்தது. பதினோரு நாள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதெல்லாம் கார்த்திகேசன் கேட்பான், "அண்ணே, போயிடுச்சா?" அவரும் சொல்வார், "போயிடுச்சிடா."

டிசம்பர் நாலாம் தேதி ஓடுபாதையோரம் விழுந்த குண்டில் அவன் போய்ச் சேர்ந்தான்.

சாவுச் செய்தியைத் தட்டச்சு செய்ததும் அவர்தான். நெருங்கிய உறவு என்ற கட்டத்தில் பழைய பதிவில் இருந்தபடியே தகப்பனார் பேரை அடித்தார். அந்த நிமிஷத்திலாவது அடித்தட்டிலிருந்து காகிதத்தை எடுத்து அதிகாரி முன்னால் வைத்திருக்கலாம். இத்தனை நாள் ஏன் அனுப்பவில்லை என்று கேட்பார்கள். யுத்தகாலம். சட்டைக் கையில் இருக்கும் பதவிப் பட்டையை உருவிவிட்டு உள்ளே தள்ளுவார்கள். குளிருக்கு ஆபீசில் கரியடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. படிவம், சான்றிதழ், பெரியவரின் கடிதம் மூன்றையும் அதில் போட்டார்.

இறந்தவன் பெட்டியைத் திறந்து பட்டியல் எடுக்க மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். தமிழ்க் கடிதக் கட்டு ஒன்று வந்தது. யார் எழுதியது என்று கேட்டார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். முப்பத்தொரு கடிதமும் ஜெயராணி எழுதியவை என்று மேலுறையிலேயே தெரிந்தது. "வீட்டுக் கடிதங்கள்" என்றார். பெட்டியோடு சேர்த்துப் புவனகிரிக்குப் போயிற்று.

பிப்ரவரியில் ஜெயராணி எழுதினாள். நான் அவர் மனைவி, என் கணவர் என் பெயரைப் பதிவு செய்யக் கொடுத்தாரா, தயவுசெய்து தெரிவிக்கவும் என்று இரண்டே வரி. பதிலுக்கு அதிகாரி ரெக்கார்டைப் பார்க்கச் சொன்னார். ரெக்கார்டில் என்ன இருக்கும்? "எங்கள் பதிவேடுகளின்படி மேற்படி வீரர் மணமாகாதவர்." அந்த ஒரு வரியை இரண்டு கார்பன் வைத்து அடித்தது இவர் விரல்தான்.

புவனகிரியில் இப்போது அந்த வீட்டில் இருந்தது கார்த்திகேசனின் தங்கை மங்கலம். அறுபதை ஒட்டிய வயசு. மலர் போடப் போகிறார்கள் என்றதும் கண் கலங்கி, உட்காரவைத்து மோர் கொடுத்தாள். அண்ணனின் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவன் நம்பரும் பேரும் இருந்தன. உள்ளே உளுந்து கொட்டி வைத்திருந்தாள். கடிதங்களை மட்டும் தனியாக ஒரு மஞ்சள் பையில் கட்டிப் பரண்மேல் வைத்திருந்தாள். அப்பா எரித்துவிடச் சொன்னாராம். இவளுக்கு மனசு வரவில்லை.

பேச்சு வாக்கில் இவர் எந்த முகாமில் இருந்தார் என்று தெரிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா அந்தக் கடலூருப் புள்ள? எங்கப்பா சாவுற மட்டும் சொல்லும். ஒரு வார்த்தை எழுதிப் போட்டேன், அந்தத் தம்பி காப்பாத்திட்டாருன்னு."

எதைக் காப்பாற்றினார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. திருநாவுக்கரசு மோர் தம்ளரைக் கீழே வைத்தார். மங்கலமே மேலும் சொன்னாள். அண்ணன் போன மூன்றாம் மாதம் அந்தப் பெண் தனியாக வாசலுக்கு வந்து நின்றதாம். கையில் ஒரு கடிதம், ஆபீஸ் முத்திரையோடு. அப்பா வாங்கிப் படித்தார். மணமாகாதவன் என்று அவன் ஆபீசே சொல்கிறது, உன்னை மனைவி என்று அவனே எழுதிக் கொடுக்கவில்லை, நான் எப்படி ஒப்புக்கொள்வது என்று கேட்டாராம். அந்தப் பெண் அழவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு மறைவில் நின்று பார்த்தது மங்கலத்துக்கு இன்னும் நினைவிருந்தது. அந்தப் பெண் சிதம்பரத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள் என்றும், அண்ணாமலை நகர்ப் பக்கம் வீடு என்றும் சொல்லி, மஞ்சள் பையை அவரிடம் கொடுத்தனுப்பினாள்.

கடிதங்களை அச்சில் போட எழுதியவரின் சம்மதம் வேண்டும். சட்டப்படி அவ்வளவுதான் காரணம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அடுத்த வாரம் சிதம்பரம் போனார். பஸ்சில் ஆலப்பாக்கம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தார். புதுச்சத்திரத்திலும் நினைத்தார். மன்னிப்புக் கேட்கும் வாசகங்களை மனசுக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தவர் ஜெயராணியின் கணவர் தேவசகாயம். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், மெதுவான பேச்சு. ஜெயராணி வந்து உட்கார்ந்து, மஞ்சள் பையைப் பிரித்து, முதல் கடிதத்தின் மேலுறையைப் பார்த்தார். தன் இருபத்தோரு வயதுக் கையெழுத்தைப் பார்த்த முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கடிதக் கட்டை அப்படியே திருப்பி வைத்தார்.

"போடாதீங்க சார். கொண்டு போயி எரிச்சிடுங்க. கல்யாண சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டுப் போனாரு. போன மறுநாளே ஆபீஸ்ல குடுத்துடறேன்னாரு. குடுக்கல. குடுக்க மனசில்ல. அவுங்க அப்பாவுக்குப் பயந்துட்டாரு. நான் நெனைச்சிருந்தா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல காப்பி எடுத்து நிரூபிச்சிருக்க முடியும். அவரே சொல்லிக்க விரும்பாத கல்யாணத்தை நான் எதுக்கு நிரூபிக்கணும்?"

தேவசகாயம் காப்பித் தம்ளர்களை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். இந்தக் கதை அவருக்குப் புதிதில்லை என்று தெரிந்தது.

பஸ்சில் திருத்தி வைத்த வாசகம் ஒன்றும் திருநாவுக்கரசுக்கு வரவில்லை.

"குடுத்தாரு" என்றார்.

"என்ன?"

"குடுத்தாரும்மா. இருபத்துமூணாந் தேதி காலைல. நாந்தான் வாங்கினேன். நான் அனுப்பல."

மீதியைச் சொன்னார். பெரியவர் கடிதம், அடித்தட்டு, கரியடுப்பு, பிப்ரவரிப் பதில், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, மன்னிப்பு என்று ஆரம்பித்தபோது ஜெயராணி கையை உயர்த்தினார். வகுப்பில் பேசுகிற பிள்ளையை நிறுத்துகிற கை அது.

"அதெல்லாம் அப்பறம். குடுக்கும்போது என்ன சொன்னாரு?"

அவருக்குப் புரியவில்லை. ஜெயராணி திரும்பவும் கேட்டார். எப்படி வந்தார், உட்கார்ந்தாரா, நின்றாரா, என்ன சொன்னார். திருநாவுக்கரசு நாற்பது வருஷமாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலையில் அவனை இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஒரு செய்தித்தாளுக்குள் வைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தான். மேசையில் தான் வைக்காமல், இவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னான். அழுக்குப் பட்டுவிடும் என்றான்.

"பேரை நல்லாப் பாத்து அடிங்கண்ணே, ஜெயராணி, சேத்து ஒரே பேரு, நடுவுல எடம் விட்டுடாதீங்கன்னான். அப்பறம் தெனமும் கேப்பான். போயிடுச்சான்னு. போயிடுச்சின்னுதான் சொன்னேன். அதை நம்பித்தான் செத்தான்."

ஜெயராணி மஞ்சள் பையைத் திரும்ப இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு யாரையும் பார்க்காமல், "ஜெபத்துலகூட அவரைத் திட்டியிருக்கேன்" என்றார். எழுந்து உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். தேவசகாயத்தை ஆட்டோ கூப்பிடச் சொன்னார்.

எழுதிக் கொடுக்கிறேன், நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடுகிறேன் என்று திருநாவுக்கரசு சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். மூன்று பேரும் ஏறிய ஆட்டோவில் மஞ்சள் பை ஜெயராணியின் மடியில் இருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒருமுறை அதன் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புவனகிரியில் மங்கலம் வெளியே வந்து, வந்திருப்பது யார் என்று கண்டுகொண்டு திகைத்துப்போனாள். உள்ளே கூப்பிட்டாள். ஜெயராணி அசையவில்லை.

"இங்கதான் சார் நின்னேன். இந்தப் படியிலதான் அவரே எழுதிக் குடுக்கலன்னு அவுங்க அப்பா சொல்லக் கேட்டேன். இங்கயே சொல்லுங்க."

பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். திருநாவுக்கரசு சொன்னார். வீட்டுக்குள் சொன்னதைவிடத் தெருவில் சொல்வது கஷ்டமாக இருந்தது. தகப்பனார் எழுதிய இடம் வந்தபோது மங்கலத்தின் முகம் மாறியது.

"அந்த லெட்டரு இருக்கா?"

"இல்லம்மா. அதையும் எரிச்சிட்டேன்."

"அப்ப செத்துப்போன மனுசன்மேல பழியைப் போட்டுட்டுப் போவலாம்னு வந்தீங்களா? எங்கப்பா என்னா எழுதுச்சுன்னு யாரு கண்டா? அது வந்து இல்லன்னு சொல்லவா போவுது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அது நியாயமான கேள்வியாகவும் இருந்தது.

"கேட்டது அவரு. செஞ்சது நான். அவரு கேட்டாருங்கறதுக்காக நான் செஞ்சிருக்கக் கூடாது. அவரு பேரை எங்கயும் எழுத மாட்டேன். எம் பேரைத்தான் எழுதுவேன்."

மங்கலம் அவரை நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அவள் ஜெயராணியின் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட நான் பிரிச்சிப் படிக்கலீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு படியிறங்கி வந்து ஜெயராணி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். திருநாவுக்கரசை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. போன வாரம் மோர் கொடுத்த வீடு.

தெருவில் வேப்பமர நிழலில் அவரும் தேவசகாயமும் நின்றார்கள். உள்ளே பெண்கள் பேசுகிற சத்தம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. தேவசகாயம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா அந்த ஆளை வச்சிதான் சார் நான் நல்லவன்" என்றார். "அவன மாதிரி இல்ல நீங்கன்னுதான் சொல்லுவா. இனிமே நான் என்ன பண்றது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இந்த மனிதரிடமிருந்தும் எதையோ எடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் திருநாவுக்கரசுக்கு உறைத்தது.

வெளியே வந்த ஜெயராணி கடிதம் ஒன்றும் அச்சில் வரக்கூடாது என்றார். அவை இனி அவரிடமே இருக்கும். கார்த்திகேசனைப் பற்றிய பக்கத்தில் மனைவி பேரைப் போட வேண்டும். இத்தனை வருஷம் அது ஏன் எங்கும் இல்லை என்பதை, அனுப்பாதவரே தன் பேரில் எழுத வேண்டும். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறினார்கள். திருநாவுக்கரசு பஸ் பிடித்துக் கடலூர் வந்தார்.

மறுநாளே அரைப் பக்கம் எழுதி அய்யனாரிடம் கொடுத்தார். படித்து முடித்ததும் அய்யனாரின் கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு, இது வேண்டாம் மச்சான், நாளைக்கு ஒரு விதவை உன்னிடம் காகிதத்தைக் கொடுப்பாளா, சங்கத்துப் பேரும் சேர்ந்து கெடும் என்று மன்றாடினார். ரெக்கார்டில் மனைவி என்று இல்லையே, எதை ஆதாரமாக வைத்துப் போடுவது என்று கடைசியாகச் சட்டம் பேசினார்.

"நாந்தான் ஆதாரம்" என்றார் திருநாவுக்கரசு. "போடலன்னா நான் நோட்டீஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டுல நின்னு குடுப்பேன்."

மலர் டிசம்பரில் வந்திருக்க வேண்டும். மாசக் கடைசியில் ‘தானே’ என்று பேர் வைத்த புயல் அடித்துக் கடலூரையே புரட்டிப் போட்டது. அச்சகத்துக்குக் கூரையும் இல்லை, கரண்டும் இல்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மார்ச்சில்தான் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நாற்பத்தேழாம் பக்கத்தில் கார்த்திகேசன் போட்டோ, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, இறந்த தேதி. மனைவி: ஜெயராணி. இடைவெளி இல்லாமல், ஒரே பேராக. கீழே அரைப் பக்கம், இவர் கையெழுத்தோடு. சாமிக்கண்ணு பேர் அதில் இல்லை. "ஊர்க்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டதால்" என்றுகூட எழுதவில்லை.

அய்யனார் சொன்னது பாதி நடந்தது. படிவத்தோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களில் சிலர் மறுநாள் தபாலாபீசுக்கே போய், தபால் சேர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். அது அவருக்குத் தப்பாகப் படவில்லை.

பொன்னியிடம் மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை. எத்தனையோ நாள் ஆரம்பித்து விட்டுவிட்டார். மலரைச் சாப்பாட்டு மேசையில் அவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்க ஆரம்பித்தார். அதுவும் கோழைத்தனம்தான் என்று அவருக்குத் தெரியும். பொன்னி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினாள். நாற்பத்தேழாம் பக்கத்தில் நின்றாள். அரைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கும் இப்பிடி ஒரு பேப்பரு உண்டா?"

"உண்டு."

"அதை யாரு அனுப்பினா?"

"நாந்தான்."

"எத்தினி நாள்ல?"

கத்தி நின்றது. எழுபத்துமூன்று வைகாசியில் லீவு முடிந்து முகாமில் இறங்கிய காலை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பெட்டியைக்கூட அறையில் வைக்காமல் நேராக ஆபீசுக்குப் போனார்.

"அன்னிக்கே" என்றார். "பத்து மணித் தபால்ல."

பொன்னி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவர் முன்னால் இருந்த கொத்தவரங்காய்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதியை அவளே நறுக்கினாள்.